உரிமை கேட்டவர் உரிமை கொடுத்தனரா?

யாழ்ப்பாணத்துக் கோட்டையைக் கண்டிராத வடபகுதித் தமிழர் அரியர். ஐங்கோண வடிவிற் கடலோரத்தில் நிற்கும் அக்கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிப் புதுக்கிப் பெருப்பித்தவர் ஒல்லாந்தர். நமது தேசவழமையை ஏட்டில் எழுதுவித்தவர்களும் அவர்களே. ஆகவே, நியாயதுரந்தரராயினும், நொத்தாரிசாயினும், கமக்காரராயினும், காணி உறுதி ஒன்றைக் கையிலெடுக்கும் யாழ்ப்பாணத்தவர் ஒவ்வொருவரும் இன்றும் ஒல்லாந்தரோடு ஒருவகைத் தொடர்பு உடையவரே.

அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை நாம் அறிவோம். எத்தகைய போராட்டத்தின் நடுவிலிருந்து வந்தனர் என்பதை நம்மிற் பலர் அறியோம். நமது கரையில் அவர்கள் இறங்குவதற்கு முன், தங்கள் மண்ணில் எண்பது ஆண்டுகள் உரிமைப் போர் நடத்தியவர்கள் அவர்கள். உலகப் பேரரசாய் விளங்கிய ஸ்பெயினை எதிர்த்து, 1568ஆம் ஆண்டு முதல் 1648ஆம் ஆண்டு வரை போராடி வென்ற சிறு இனத்தவர். மனச்சாட்சியின் சுதந்திரம் என்னும் சொல்லைச் சட்ட ஏட்டிலே பொறித்தவர்கள்.

அவர்கள் வென்ற கதையை எழுதியோர் பலர். வென்ற பின்னர் அவர்கள் என்ன செய்தனர்? தமக்குக் கேட்ட உரிமையைப் பிறருக்குக் கொடுத்தனரா? ஈண்டு நாம் ஆராயப்புகும் வினா இதுவே. இது பழங்கதைப் பொழுதுபோக்கன்று. உரிமை கேட்கும் இனம் ஒவ்வொன்றும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது. நாமும் கேட்டே ஆகவேண்டும்.

மன்னனும் மனச்சாட்சியும்

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகள் அடங்கிய பகுதி பதினேழு மாகாணங்களாய் இருந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி வழமை உண்டு. தனித்தனிச் சபை உண்டு. மன்னனே எனினும் அச்சபைகளைக் கேளாது வரி இறுக்குதல் இயலாது. இம்மாகாணங்கள் யாவும் சக்கரவர்த்தி ஐந்தாம் சாள்சின் ஆட்சியில் இருந்து, 1555ஆம் ஆண்டில் அவர் மகன் இரண்டாம் பிலிப்பின் கைக்கு வந்தன. தந்தை அந்நாட்டிற் பிறந்தவர், அவர்களது மொழியறிந்தவர். மகனோ ஸ்பெயினில் வளர்ந்தவர், ஸ்பெயினிலிருந்தே ஆண்டவர்.

அக்காலை மார்ட்டின் லூதர், கல்வின் முதலியோரின் புரட்டஸ்தாந்துக் கொள்கை அம்மாகாணங்களிற் பரவிற்று. அதனை அடக்கச் சக்கரவர்த்தி கடுஞ்சட்டங்கள் பிறப்பித்தார். 1523ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதி பிரசெல்ஸ் நகரில் இரு துறவிகள் உயிரோடு எரிக்கப்பட்டனர். 1550ஆம் ஆண்டுக் கட்டளையை மக்கள் இரத்தக் கட்டளை என்றே அழைத்தனர். பிழையை ஒப்புக்கொண்டு திரும்பியவருக்கும் அதில் உயிர்ப்பிச்சை இல்லை: ஆணுக்கு வாள், பெண்ணுக்கு உயிரோடு புதைகுழி. திரும்பாதவருக்கு நெருப்பு.

இக்கொடுமையைத் தணிக்குமாறு 1566ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் தேதி இருநூறுக்கு மேற்பட்ட பிரபுக்கள் ஒருங்கு திரண்டு, மன்னனின் சார்பில் ஆண்ட மார்கிரட் கோமகளிடம் மனுக் கொடுத்தனர். ஆயுதமின்றிச் சென்றனர், பணிவுடன் கேட்டனர். ஆலோசகர் ஒருவர், இப்பிச்சைக்காரருக்கா அஞ்சுவது என்று இகழ்ந்தார் என்பர். இகழ்ந்த பெயரையே அவர்கள் ஏற்றுக்கொண்டனர். பிச்சைக்காரர் என்பது விடுதலைக் கட்சியின் பெயராயிற்று. திருவோடு அதன் சின்னமாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. கல்வின் கொள்கையினர் கூட்டங் கூட்டமாய்க் கத்தோலிக்க ஆலயங்களுட் புகுந்து திருவுருவங்களை உடைத்தெறிந்தனர். அந்துவேர்ப்பன் நகரத்துப் பேராலயமும் தப்பவில்லை. உரிமை கேட்டு மனுக் கொடுத்த மை உலருமுன், பிறர் வழிபடு பொருளின்மீது கை விழுந்தது. பின்னாள் வரவிருந்ததற்கு இது முதற் குறி என்று நாம் கொள்ளுகின்றோம்.

பிலிப்பு மன்னன் அளித்த விடை ஆல்வா கோமகன். 1567ஆம் ஆண்டு பெரும்படையோடு வந்த ஆல்வா, கலக விசாரணை மன்று ஒன்றை நிறுவினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதன் தீர்ப்பால் உயிரிழந்தனர். 1568ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் தேதி பிரசெல்ஸ் சதுக்கத்தில் எக்மொண்ட், ஹோர்ன் என்னும் இரு பிரபுக்கள் தலை துணிக்கப்பட்டனர். இவ்விருவரும் கத்தோலிக்கர் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டும்.

உயிரை எடுத்த கை பொருளிலும் நீண்டது. விற்கப்படும் பொருள் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கை வரியாக நிலைநாட்ட 1569ஆம் ஆண்டு தொடக்கம் ஆல்வா முயன்றார். நெல்லை விற்றால் ஒரு முறை, அரிசியை விற்றால் ஒரு முறை, மாவை விற்றால் மற்றொரு முறை என்று ஒரே விளைவின்மீது கைமாறுந்தோறும் விழும் வரி எத்தகையது என்பதை நமது கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சபைகளின் மெய்யான இசைவின்றி இவ்வரி வந்ததே பெரும் பிணக்காயிற்று. சமயத்தால் எழாதவனும் சந்தையால் எழுந்தான்.

1572ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் தேதி கடற்பிச்சைக்காரர் என்னும் கப்பற்படையினர் பிரில் துறைமுகத்தைப் பிடித்தனர். ஒல்லாந்து, சீலாந்து என்னும் இரு மாகாணங்களின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒறேஞ்சுக் கோமகன் வில்லியத்தின் பக்கஞ் சேர்ந்தன. 1574ஆம் ஆண்டில் லெய்டன் நகரை ஸ்பானியர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டனர். பல்லாயிரவர் பசியாலும் கொள்ளைநோயாலும் மடிந்தனர். நகரை மீட்க வேறு வழியின்றிக் கடலணைகள் வெட்டப்பட்டன. பயிர்நிலத்தின்மீது நீர் பரந்தது. அந்நீரின்மேல் உணவேற்றிய படகுகள் நகரை நெருங்கின. ஒக்டோபர் 3ஆந் தேதி முற்றுகை ஒழிந்தது. அணை கட்டிக் கடலிடமிருந்து பிடி பிடியாய் மீட்ட வயலைத் திரும்பவுங் கடலுக்கே கொடுத்து அம்மக்கள் தங்கள் உரிமையைக் காத்தனர். அடுத்த ஆண்டிலேயே, போர் நடந்துகொண்டிருக்கையில், லெய்டனிற் சர்வகலாசாலை ஒன்று நிறுவப்பட்டது. இத்தகைய மக்களை வியவாதிருத்தல் எங்ஙனம்?

பதின்மூன்றாம் உறுப்புரை

1579ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் தேதி வட மாகாணங்கள் யூத்திரெக்ட்டு நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. யூத்திரெக்ட்டு ஒன்றியம் என வழங்கும் இதுவே, பின்னர் ஏழு மாகாணங்களின் கூட்டாட்சிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அரசியலமைப்பாய் நின்றது. ஒவ்வொரு மாகாணத்தின் வழமையும் தனியுரிமையும் அதன்கண் காக்கப்பட்டன. வெளியாருக்கு எதிராக ஒன்று, உள்ளே பல என்பது அதன் கருத்து.

இதன் 13ஆம் உறுப்புரை சமயம் பற்றியது. எவரும் தத்தம் சமயத்தில் சுதந்திரமாயிருத்தல் வேண்டும். சமயங் காரணமாக எவரையும் விசாரித்தலோ துன்புறுத்தலோ கூடாது என்று அது விதித்தது. ஐரோப்பாவெங்கும் சமயத்துக்காக மனிதரை எரித்துக்கொண்டிருந்த காலத்தில், தனிமனிதனின் மனச்சாட்சிக்குச் சட்டக் காப்பு அளித்த உறுப்புரை இது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1581ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் தேதி, அம்மாகாணங்கள் பிலிப்பு மன்னனைத் துறக்கும் பிரகடனத்தை வெளியிட்டன. மக்களுக்காகவே மன்னன், மன்னனுக்காக மக்கள் அல்லர். மந்தையைக் காக்க வேண்டிய மேய்ப்பன் அதனை வருத்துவானாயின் அவனை நீக்கி வேறொருவனைத் தேடிக்கொள்ள மக்களின் சபைக்கு உரிமையுண்டு என்பது அதன் சாரம். முத்திரையிலிருந்து மன்னன் பெயர் நீங்கிற்று. உத்தியோகத்தர் புதிய சத்தியஞ் செய்தனர்.

ஆயினும் சட்டம் பயின்றவன் 13ஆம் உறுப்புரையை மேலோட்டமாகப் படித்து மகிழ்ந்துவிடான். அதன் அமைப்பை நோக்குவான். சமய விடயத்தில் ஒல்லாந்து, சீலாந்து மாகாணங்கள் தம் விருப்பப்படி ஒழுகலாம். ஏனைய மாகாணங்களும் தத்தமக்கு ஏற்ற ஒழுங்குகளைச் செய்துகொள்ளலாம். இதுவே அதன் முதற்பகுதி. ஆயின் எவரையும் துன்புறுத்தலாகாது என்பது அதன் இறுதியில் வரும் காப்புரை. அஃதாவது, அதிகாரம் தலைவாசலால் உள்ளே வந்தது. உரிமை புறக்கடையிலே நிறுத்தப்பட்டது. இவ்விரண்டும் மோதும் நாளில் எது வெல்லும் என்பதை ஊகித்தற்குப் பெரிய வழக்கறிஞர் வேண்டியதில்லை.

ஒளித்த கோயில்கள்

ஒல்லாந்து மாகாணத்தில் 1573ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்கப் பொதுவழிபாடு தடுக்கப்பட்டிருந்தது. ஒன்றியத்தின் 13ஆம் உறுப்புரை அத்தடையை நீக்கவில்லை. 1581ஆம் ஆண்டில் வந்த கட்டளைகள் அதனை மேலும் இறுக்கின. ஆலயங்கள் புரட்டஸ்தாந்துச் சபையின் வசமாயின. அரச உத்தியோகம் அச்சபையைச் சார்ந்தோர்க்கே என்றாயிற்று. கத்தோலிக்கர் மனத்தில் எதனையும் நம்பலாம், ஊரறிய வணங்கலாகாது. மனச்சாட்சி உனது, மணியோசை எமது என்பதே ஏற்பாடு.

ஆதலாற் கத்தோலிக்கர் வீட்டுக்குள் ஒளித்து ஆலயம் அமைத்தனர். அம்ஸ்ரர்டாம் நகரில் வணிகர் ஒருவர் தம் வீட்டு மேன்மாடத்தில் அமைத்து 1663ஆம் ஆண்டு முதல் வழிபாடு நடந்த ஆலயம் இன்றும் நூதனசாலையாய் இருக்கின்றது. தெருவில் நின்று பார்ப்போர்க்கு அது வீடு. மாடியேறிப் பார்ப்போர்க்குப் பீடமும் இசைக்கருவியும் அமைந்த கோயில். இதனை அதிகாரிகள் அறியாமலில்லை. அறிந்தே இருந்தனர், அறியாதிருப்பதற்குப் பணமும் பெற்றனர். உரிமையாய் இருக்கவேண்டியது, கைக்கூலி கொடுத்து வாங்கும் சலுகையாயிற்று. சலுகை இன்று கிடைக்கும், நாளை மறுக்கப்படும். அதன் விலையும் அதிகாரியின் முகம்போல மாறும்.

நடுநிலை தவறாது மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். அக்காலத்து ஐரோப்பாவில் ஒல்லாந்து போல் மனிதர் அச்சமின்றி வாழ்ந்த நாடு அரிது. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் சமய விசாரணை மன்றுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர் அம்ஸ்ரர்டாமிற் குடியேறினர். 1675ஆம் ஆண்டில் அங்கு அவர்கள் எடுத்த பெருந் தொழுகையிடம் இன்றும் நிற்கின்றது. வேறெங்கும் அச்சிடமுடியாத நூல்கள் அங்கு அச்சேறின. கத்தோலிக்கர் எரிக்கப்படவில்லை. இவை சிறியனவல்ல. ஆயின் எரியாது விடுதல் வேறு. சமமாய் நடத்துதல் வேறு.

போர்க்காலத்தில் வேறென்ன செய்வது என்று வினவுவோர் உளர். பகைவன் கத்தோலிக்கன், உள்நாட்டுக் கத்தோலிக்கன் பகைவனுக்குக் கதவு திறப்பான் என்ற அச்சம் இருந்தது. 1584ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் தேதி டெல்வ்ற் நகரில் வில்லியம் கோமகனைச் சுட்டுக்கொன்றவன் ஒரு கத்தோலிக்கனே. அச்சம் வெறுங் கற்பனையன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் விடையும் உண்டு. ஆல்வாவின் வாளுக்குத் தலை கொடுத்த எக்மொண்டும் ஹோர்னும் கத்தோலிக்கர் அல்லரோ? 1576ஆம் ஆண்டில் கெண்ட் நகரிற் கைச்சாத்திட்டு ஸ்பானியப் படையை வெளியேற்ற ஒன்றுபட்ட மாகாணங்களிற் பெரும்பாலானவை கத்தோலிக்க மாகாணங்கள் அல்லவோ? அன்றியும், 1648ஆம் ஆண்டில் ஸ்பெயினோடு சமாதானம் உண்டாயிற்று. அச்சத்தின் காரணம் அகன்றது. தடை அகன்றதா? அகலவில்லை. மேலும் நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் நின்றது. அவசர காலத்துக்கென்று பறித்த உரிமை, அவசரம் தீர்ந்தபின் தானே திரும்பி வருவதில்லை என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

பிறருக்குச் செய்தது வீட்டுக்கும் வந்தது

பிறரை அடக்கப் பழகிய கை, தன்னவரையும் அடக்கும். லெய்டன் சர்வகலாசாலையில் ஆர்மினியஸ் என்னும் பேராசிரியருக்கும் கொமாரஸ் என்பவருக்கும் இறைவன் முன்விதித்த முடிவு பற்றி வாதம் எழுந்தது. இருவரும் ஒரே சபையினர். வாதம் கட்சியாயிற்று; கட்சி அரசியலாயிற்று. 1618-19ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரிற் கூடிய திருச்சபை மாநாடு ஆர்மினியஸ் கொள்கையைத் தள்ளிற்று. ஏறத்தாழ இருநூறு போதகர் பதவியிழந்தனர்.

ஒல்லாந்து மாகாணத்தின் தலைமை நியாயவாதியாய் முப்பதாண்டுகளுக்கு மேல் நாட்டை நடத்திய ஓல்டன்பார்னவெல்ட், இப்பிணக்கில் எளியோர் பக்கம் நின்றார். குடியரசின் சிற்பி என்று அவரைக் கூறுதல் மிகையன்று. 1602ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனியை உருவாக்கியதிலும் அவர் கையே பெரிது. இருபத்துநால்வர் கொண்ட விசேட மன்று அவரை விசாரித்தது. அவருடைய பகைவர் பலர் அம்மன்றில் அமர்ந்திருந்தனர். 1619ஆம் ஆண்டு மே 13ஆந் தேதி, எழுபத்தொரு வயதில், ஹேக் நகரில் அவர் தலை துணிக்கப்பட்டது. அவரைச் சார்ந்த சட்டமேதை கிறோஷியஸ் ஆயுட்சிறை பெற்றார். 1621ஆம் ஆண்டில் மனைவியின் மதியால் நூற்பெட்டியொன்றில் ஒளிந்து தப்பினார். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று இன்று உலகம் போற்றும் அறிஞர், தாம் பிறந்த சுதந்திர நாட்டிலிருந்து புத்தகப் பெட்டிக்குள் இருந்து ஓடவேண்டியதாயிற்று.

இன்னொன்று. போரின் இறுதியிற் பிறபன்ற் மாகாணத்தின் வடபகுதி குடியரசின் கையில் விழுந்தது. அங்குள்ள மக்கள் கத்தோலிக்கர். அவர்களை எட்டாவது மாகாணமாய்ச் சேர்த்தனரா? இல்லை. பொதுச்சபையில் ஓர் ஆசனம் கேட்டனர், மறுக்கப்பட்டது. ஏழு மாகாணங்களும் பொதுவாய் ஆளும் நிலம் என்று பெயரிட்டு, வரியைப் பெற்றனர், வாக்கைக் கொடுத்திலர். தங்களைக் கேளாது வரி இறுத்தான் என்பதற்காக ஒரு மன்னனைத் துறந்தவர்கள், கேளாது வரி இறுத்தனர். மருமகள் உடைத்தாற் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்னும் நம்மூர்ப் பழமொழி ஒல்லாந்து தேசத்திலும் செல்லும் போலும்.

நமது கரையில்

1658ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணத்துக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயர் இங்கு சைவாலயங்களை இடித்தவர்கள். அவர்களை விரட்டியவர்கள் நமக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொணர்ந்தனரா? மனச்சாட்சியின் உறுப்புரையை எழுதியவர்களின் பேரன்மார் அல்லரோ அவர்கள்?

கொணரவில்லை. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுத்தல் குற்றமாயிற்று. போர்த்துக்கேயரின் ஆலயங்கள் ஒல்லாந்தச் சபையின் பள்ளிகளாயின. சைவரின் பொதுவழிபாடும் தடுக்கப்பட்டது. உத்தியோகம் வேண்டியோர் சபையிற் சேரவேண்டியவராயினர். அம்ஸ்ரர்டாமிலே கத்தோலிக்க வணிகர் மேன்மாடத்தில் ஒளித்துப் பூசை கண்ட அதே காலத்தில், நமது முன்னோர் விரதமிருந்து உண்ட வாழையிலையைக் கூரையிறப்பிற் செருகி மறைத்தனர். அந்நியர் காலத்து நிகழ்ச்சியாய் வழிவழி நம் வீடுகளிற் சொல்லப்பட்டு வந்த செய்தி இது. அங்கே மாடத்தில் ஒளித்த பீடம். இங்கே கூரையில் ஒளித்த இலை. ஒளிக்க வைத்த கை ஒன்றே.

1687ஆம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த, அதாவது கோவா நாட்டவரான, யோசே வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் மறைந்திருந்து கத்தோலிக்கருக்குத் தொண்டு செய்தார். ஒல்லாந்தரின் தேடலுக்குத் தப்பிக் கண்டி இராச்சியம் சென்றார். ஒற்றன் என்ற ஐயத்தால் முதலிற் சிறைவைத்த பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், பின்னர் அவருக்குச் சுதந்திரம் அளித்தான். உறுப்புரை எழுதாத மன்னன் கொடுத்ததை, எழுதியவர் கொடுத்திலர். 2015ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவ்வடிகளாரைப் புனிதராய் அறிவித்தது.

பலவந்தத்தின் விளைவு யாது? ஏட்டிலே சபையினர் பெருகினர், உள்ளத்திற் பெருகவில்லை. 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அதன்பின் அச்சபை மழைகாணாப் பயிராய்க் கருகிற்று; மக்கள் சைவத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் வெளிப்படையாய்த் திரும்பினர். ஏறத்தாழ நூற்று முப்பத்தேழு ஆண்டுச் சட்டம் வேர்விடாது போயிற்று. அதே 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்திலும் பழைய குடியரசு வீழ்ந்தது. 1796ஆம் ஆண்டில் அங்கு கூடிய தேசிய சபை, சபையையும் அரசையும் பிரித்துக் கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் சம உரிமை வழங்கிற்று. 13ஆம் உறுப்புரை எழுதப்பட்டு இருநூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அக்காலத்து அறிவு அவ்வளவே என்று சிலர் சமாதானங் கூறலாம். அதுவும் பொருந்தாது. அக்காலத்திலேயே சரியானதைச் சொன்னவர் இருந்தனர். வில்லியம் கோமகன் இரு சமயத்தாரும் பொதுவில் வழிபடும் சமய சமாதானம் ஒன்றை 1578ஆம் ஆண்டில் முன்வைத்தார். இரு பக்கத்துத் தீவிரரும் அதனைக் கெடுத்தனர். ஹார்லெம் நகரத்து நொத்தாரிசு டேர்க் கோர்ண்ஹேர்ட் என்பவர், ஸ்பானியர் ஆட்சியிற் சிறை கண்டவர். விடுதலைக் கட்சியின் ஊழியர். தம் கட்சி வென்றபின், தோற்ற கத்தோலிக்கரின் வழிபாட்டுரிமைக்காக எழுதினார், வாதாடினார். அதற்காகத் தம் கட்சியாராலேயே தூற்றப்பட்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இருநூறு ஆண்டு மிஞ்சியிருக்கும். தன் இனத்தின் உரிமைக்குப் பேசுவோன் வீரன். வென்ற தன் இனத்திடம் தோற்றவனின் உரிமைக்குப் பேசுவோன் அவனிலும் பெரிய வீரன்.

நமக்குள்ள பாடம்

நாம் உரிமை கேட்கும் இனம். சிறுபான்மையோருக்குக் காப்பாய் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு 1972ஆம் ஆண்டில் அற்றுப்போனதையும், கைச்சாத்திட்ட ஒப்பந்தங்கள் கிழிக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. நமது கோரிக்கையில் ஓர் எழுத்தேனும் குறைக்குமாறு நாம் இங்கு சொல்ல வரவில்லை. ஆனால் நமது வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டாமா?

1706-07ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரின் கட்டளைப்படி தேசவழமை தொகுக்கப்பட்டபோது, நம்மவரான பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். அதிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. அடிமைமுறை இந்நாட்டில் 1844ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிந்தது. அதன் நிழல் ஒழிந்ததா? ஆலயத்திலும் பொது இடங்களிலும் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் வந்தது. வந்தும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்துக் கந்தன் சந்நிதியில் வணங்க வந்த நம்மவரை நம்மவரே மறித்தனர். ஒல்லாந்தன் கோயிற் கதவைச் சாத்தியபோது அழுத சமூகம், சாவி தன் கைக்கு வந்தபின் தன் சகோதரன் முகத்தில் அதே கதவைச் சாத்திற்று.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள், தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மனைகளை விட்டு, தமிழ் ஆயுத இயக்கத்தின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரமே. பாதுகாப்புக் காரணம் என்று அன்றும் சொல்லப்பட்டது. கத்தோலிக்கன் கதவு திறப்பான் என்று ஒல்லாந்தர் சொன்ன காரணத்துக்கும் அதற்கும் எள்ளளவேனும் வேறுபாடு காட்ட நம்மால் இயலவில்லை. கோர்ண்ஹேர்ட்டைப் போல் அன்று உரத்துப் பேசியவர் நம்மில் எத்தனை பேர்? இவ்வினாவிலிருந்து இதனை எழுதும் நாமும் விலகிநிற்க முடியாது.

ஆகவே நாம் முன்வைக்கும் கருத்து இரண்டு. சட்டம் பயின்றோர்க்கு ஒன்று: வடக்குக் கிழக்கின் அதிகாரத்தைப் பற்றி எந்த வரைவை எழுதினும், அவ்வதிகாரத்தின் கீழ் வாழப்போகும் முஸ்லிம்கள், சிங்களவர், சாதியால் ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் உரிமையைக் கடைசி வரிக் காப்புரையாய் எழுதாதீர்கள். முதல் வரியாய் எழுதுங்கள். அதிகாரம் அவ்வுரிமைக்குப் பின்னால் வரட்டும்.

கமக்காரர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் மற்றொன்று: சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நன்னீர்க் கிணற்றின் கட்டிலும், கோயில் தர்மகர்த்தா சபையிலும், கமக்காரர் சங்கத்தின் கூட்டத்திலும் சம இடம் கொடுக்க எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் வேண்டாம். திரும்பிவரும் முஸ்லிம் அயலவனுக்கு அவன் காணியின் எல்லைக் கல்லைக் காட்டிக்கொடுக்கவும் எவருடைய கையொப்பமும் வேண்டாம்.

பிறரிடம் உரிமை கேட்பவன் நீதிமன்றத்துக்குச் சுத்தமான கைகளோடு வரவேண்டும் என்பது சட்ட நெறி. நமது வழக்கு நல்ல வழக்கு. கைகளைக் கழுவிக்கொண்டு வருவோம்.